மேகம் வந்தால் மூடிக்கொள்ளும் பூவுக்கு விதை எப்படி?

ஆகஸ்ட் 27, மாலை 6.10 | டர்பனிலிருந்து கேள்வி

அக்கா, போன வாரம் குடும்பத்தோடு கேப் டவுன் வந்து அங்கிருந்து மேற்குக் கரையில் காட்டு டெய்சிப் பூ பார்க்கப் போஸ்ட்பெர்க் போனோம். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதம்தான் அந்தப் பக்கம் திறந்து விடுவார்கள் என்பதால் விமான டிக்கெட்டெல்லாம் முன்பே போட்டு வந்த பயணம். போனால் ஒரே மேகமூட்டம். ஒரு பூ விரியவில்லை. 17, 18 டிகிரியாவது வந்தால்தான் இது திறக்கும் என்று அங்கே ஒருவர் சொன்னார். திரும்பும்போது யோசித்தேன். பூ மூடியிருந்தால் தேனீ வராது. தேனீ வராவிட்டால் விதை இல்லை. ஆக, குளிர்தான் இந்தச் செடிகளுக்கு எதிரி. உலகம் சூடாகிறது என்று எல்லாரும் புலம்புகிறார்களே, இந்தப் பூக்களுக்கு அது நல்லதுதானே?

ஆகஸ்ட் 27, இரவு 9.50

பாதி சரி தம்பி.

மூடிய பூவில் தேனீ இறங்காது, உண்மை. ஆனால் ஒரு நாள் மூடியிருந்ததால் குடி முழுகிப் போகாது. நீங்கள் ஒரு பூ என்று பார்த்தது ஒரு பூ இல்லை. டெய்சிக் குடும்பத்தில் அது ஒரு கூட்டம். ஓரத்தில் இதழாக நீட்டிக்கொண்டிருப்பது ஒவ்வொன்றும் தனிப் பூ. நடுவட்டத்தில் நெருக்கியடித்து இருப்பவையும் தனித்தனிப் பூக்கள். இவை ஒரே நாளில் திறப்பதில்லை. வெளி வளையம் முதலில், அப்புறம் அதற்கு உள் வளையம், இப்படி நாள் கணக்கில் நடுப்பகுதிக்கு நகரும். கைலென்ஸ் இருந்தால் பாருங்கள். திறந்த குட்டிப் பூவிலிருந்து சூல்தண்டு மேலே வரும்போதே மகரந்தத்தை வெளியே தள்ளிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் அது ஆண். பிறகு தண்டின் நுனி இரண்டாகப் பிளந்து மடங்கும். அப்போதுதான் அது பெண்ணாக மகரந்தத்தை வாங்கிக்கொள்ளத் தயார். ஆகவே ஒரு தலையில் வெளியே பெண், உள்ளே ஆண், நடுவில் இன்னும் மொட்டு என்று மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கும். ஒரு நாள் மேகம் போட்டால் ஒரு வளையத்துக்குத்தான் நஷ்டம். அதுவும் பெரும்பாலும் நஷ்டம் இல்லை, தள்ளிப்போகும் அவ்வளவுதான்.

மூடுவது செடிக்கு வேண்டியும் இருக்கிறது. பனியிலும் தூறலிலும் நனைந்தால் மகரந்தம் வீணாகும். யாரும் வராத நேரத்தில் கடையைத் திறந்து வைத்து என்ன பயன்?

ஆகஸ்ட் 27, இரவு 10.20

பயண விஷயமாக ஒன்று. அடுத்த தடவை விடியற்காலையில் கிளம்பாதீர்கள். காலை 11 மணியிலிருந்து மாலை 3 மணி வரைதான் நன்றாக விரிந்திருக்கும். தலைகள் சூரியனைப் பார்த்து நிற்கும், நம் தென்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே. ஆகவே வெயில் முதுகில் படும்படி நடந்தால் பூவின் முகம் தெரியும். எதிர்ப்புறமாகப் போனவர்கள் எல்லாம் பச்சைக் காம்பைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவார்கள்.

ஆகஸ்ட் 29, காலை 7.05

தேனீ பக்கத்தை மறந்துவிட்டேனா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். இல்லை, அதற்குத்தான் வருகிறேன்.

வெயில் ஏறினால் பூ திறக்கிறது, தேனீயும் வருகிறது. இரண்டும் ஒன்றாக நடப்பதால் ஒரே காரணம் போலத் தெரிகிறது. ஆனால் பூவுக்கு ஒரு கணக்கு, பூச்சிக்கு வேறு கணக்கு. தேனீ பறக்க வேண்டுமானால் அதன் மார்புத் தசை 30 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். தசையை நடுக்கி நடுக்கி அது தானே சூடேற்றிக்கொள்ளும். வெளியே 10, 12 டிகிரிக்குக் கீழே போனால் அந்தச் செலவு கட்டுப்படியாகாது, கூட்டிலேயே இருந்துவிடும். இங்கே மேற்குக் கரையில் டெய்சிகளுக்கு வருவது தேனீ மட்டும் அல்ல. குரங்கு வண்டு என்று இங்கே சொல்லும் ஒரு சின்ன, மயிர் அடர்ந்த வண்டுக் கூட்டம் உண்டு. மத்தியான வெயிலில்தான் அதற்குச் சுறுசுறுப்பு. பூவின் நடுவில் தலையைப் புதைத்துக்கொண்டு பின்புறம் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும். மாலையில் பூ மூடும்போது உள்ளேயே மாட்டிக்கொண்டு தூங்கிவிடுவதும் உண்டு. வாடகை இல்லாத வீடு.

அப்புறம் ஈக்கள். வடமேற்கே நமக்வாலாண்டு என்ற வறண்ட பகுதியில் கோர்டேரியா டிஃப்யூஸா என்று ஒரு ஆரஞ்சு டெய்சி. இதழில் கருப்புப் புள்ளி வைத்து, பெண் ஈ உட்கார்ந்திருப்பது போல ஏமாற்றும். ஆண் ஈ வந்து அந்தப் புள்ளியோடு குடும்பம் நடத்தப் பார்க்கும், மகரந்தம் ஒட்டிக்கொள்ளும், வெட்கமில்லாமல் அடுத்த பூவுக்கும் போகும். இந்த ஈக்கும் வெயில் வேண்டும்.

ஐரோப்பியத் தோட்டப் புத்தகங்களைப் படித்துவிட்டு இங்கே யாரும் வந்து, குளிரானால் என்ன, பம்பிள்பீ பார்த்துக்கொள்ளும் என்று சொல்லாதீர்கள். சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் பம்பிள்பீ இயற்கையாகவே கிடையாது. குளிரில் பறக்கும் அந்தக் குண்டுத் தேனீ செய்கிற வேலையைச் செய்ய இங்கே அதே மாதிரி ஆள் இல்லை. கருவண்டு என்கிற பெரிய கருப்புத் தேனீ இருக்கிறது. ஆனால் சின்ன டெய்சிக்கு அது வந்து உட்கார்ந்தால் காம்பே வளைந்துவிடும்.

ஆகஸ்ட் 29, இரவு 8.40

டர்பன் தம்பி மறுபடி: "அப்படியானால் வெயில் கூடினால் பூவும் திறக்கும், பூச்சியும் வரும், நான் சொன்னதுதானே?"

அவசரப்படாதீர்கள். மகரந்தம் வந்து சூல்முடியில் விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை இன்னும் தொடவே இல்லை.

ஆகஸ்ட் 30, மாலை 5.30

சனிக்கிழமை, கொஞ்சம் நேரம் இருக்கிறது.

சூல்முடியில் விழுந்த மகரந்தத் துகளிலிருந்து ஒரு மெல்லிய குழாய் முளைத்து, சூல்தண்டுக்குள் இறங்கி, சூல் இருக்கும் இடம் வரை போக வேண்டும். வெப்பம் கூடினால் இந்தக் குழாய் வேகமாக வளரும். நல்ல செய்தி. ஆனால் அதே வெப்பத்தில் சூலின் ஆயுளும் குறையும். காத்திருக்கும் சூல் சீக்கிரம் வாடிவிடும். செர்ரியில் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். வெயிலில் குழாய் விரைகிறது, ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் சூல் உயிரோடு இருக்க வேண்டுமே. குளிரில் நேர் எதிர். குழாய் நத்தை வேகம், சூலோ பொறுமையாக நாள் கணக்கில் காத்திருக்கும். எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்பதைப் பொறுத்து விதை. அதனால்தான் நடுத்தரமான வெயிலில் விதை நன்றாகப் பிடிக்கும், இரண்டு ஓரத்திலும் குறையும்.

இதுவும் முழுக்கதை அல்ல. பெரிய அடி விழுவது பூ திறப்பதற்கு முன்னாலேயே. மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் கட்டம், அதாவது பூ விரிவதற்கு ஏறக்குறைய ஒன்று இரண்டு வாரம் முன்பு, பல செடிகளில் வெப்பத்தை மிகவும் தாங்காத கட்டம். மகரந்தத்துக்குத் தீனி கொடுக்கும் உள்தோல் ஒன்று இருக்கிறது. வெப்பம் தாக்கினால் அது முறை தவறிக் கெடும், மகரந்தம் மாவுச்சத்து இல்லாமல் சுருங்கிப் போகும். பெண் பாகம் பொதுவாக இதைவிடக் கொஞ்சம் கல்நெஞ்சு. ஆகவே பூ விரிந்த அன்றைக்கு வானிலை எவ்வளவு அழகாக இருந்தாலும், தேனீ மொய்த்தாலும், அவை சுமந்து போவது செத்த பொடியாக இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் மஞ்சள்தான்.

ஆகஸ்ட் 30, இரவு 9.15

நெல் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பூ விடும் சமயத்தில் வெயில் தகித்தால் பதர் கூடும் என்று எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் சொல்லாத ஆள் கிடையாது. நெல் பூ காலையில் ஒரு மணி நேரம் போலத்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டிய வெப்பம் ஒரு மணி நேரம் நீடித்தாலே போதும், நெல்மணி பிடிக்காது.

இங்கே ஒரு காட்டுச் செடி உதவிக்கு வருகிறது. ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல் அதிகாலையிலேயே, வெயில் ஏறுவதற்கு முன்பே பூவிரிக்கும். வெப்பத்தை அது தாங்குவதில்லை, தவிர்த்துவிடுகிறது. அந்தக் குணத்தைப் பயிர் நெல்லுக்குள் ஒட்டுச்சேர்த்துக் கொண்டுவந்தும் இருக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு வருகிற நெல்லைக் காப்பாற்ற ஒரு காட்டுச் சாதிதான் உதவுகிறது.

செப்டம்பர் 1, காலை 6.50

நேற்றிரவு ஒருவர்: "நெல் காற்றில் சேர்கிறது, தேனீ வேண்டாம், எப்படி ஒப்பிடுகிறீர்கள்?"

ஒப்பிட்டது மகரந்தத்தின் தாங்கும் சக்தியை. யார் சுமந்து வந்தாலும் செத்த பொடி செத்த பொடிதான்.

செப்டம்பர் 2, இரவு 10.05

பெர்க் காற்று பற்றி எழுதாமல் விட்டால் இந்த ஊரில் இருந்து எழுதுவதில் அர்த்தமில்லை. டர்பன்காரர்களுக்கும் தெரியும். குளிர்காலத்தின் நடுவில் திடீரென்று உள்நாட்டு மேட்டிலிருந்து கடலை நோக்கிக் காற்று இறங்கும். இறங்க இறங்க அமுங்கிச் சூடாகும். காலையில் ஸ்வெட்டர் போட்டுப் போன ஆள் மத்தியானம் வியர்த்து வழிவார், 30 டிகிரியைத் தாண்டும். அடுத்த நாளே குளிர் முகப்பு வந்து எல்லாம் பழையபடி. மாதச் சராசரியைப் பார்த்தால் இது கண்ணிலேயே படாது.

நான் விதை சேகரிக்கும் தன்னார்வலர் குழு ஒன்றோடு சுற்றுகிறவள். (அனுமதிச் சீட்டோடு. இங்கே சும்மா போய்க் காட்டுப் பூவையும் விதையையும் பறித்தால் வழக்கு.) டார்லிங் என்ற ஊர்ப் பக்கம், மழை டெய்சி என்கிற வெள்ளைப் பூவின் திட்டு ஒன்று. தேனீ, வண்டு எல்லாம் இரைந்துகொண்டிருந்தது, நானே பார்த்தது. விதை முற்றும் நேரத்தில் போய்த் தலைகளைக் கசக்கினால் கைநிறைய வருகிறது. குழுவில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு ஒரு பழக்கம், வீட்டுக்கு வந்ததும் நாளிதழை விரித்து விதையை நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். இந்த டெய்சியின் ஒவ்வொரு தலையிலும் இரண்டு ரக விதை இருக்கும். ஓரப் பூவிலிருந்து முண்டும் முடிச்சுமாக, சிறகில்லாத கட்டை விதை. நடுப் பூவிலிருந்து தட்டையாக, ஓரத்தில் காகிதச் சிறகு வைத்தது. கட்டை விதை காலடியில் விழும், சிறகு விதை காற்றோடு போகும். பூச்சி வராமல் போனாலும் இந்த ஓடு உருவாகிவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது. அன்றைக்கு நகம் வைத்த சிறகு விதைகளில் பெரும்பாலும் அப்படியே மடங்கின. நிறைந்த விதை என்றால் நகத்துக்கு எதிராக நிற்கும், பிளந்தால் வெள்ளையாக, எண்ணெய்ப் பசையோடு பருப்பு.

பூ விரிவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பெர்க் காற்று அடித்திருந்தது. எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான்.

செப்டம்பர் 3, காலை 7.20

சந்தேகம் என்று மட்டும்தான் எழுதினேன், தீர்ப்பு எழுதவில்லை. காலையிலேயே இரண்டு பேர் "பெர்க் காற்றுதான் காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

காலி விதைக்குக் காரணம் பல. பூச்சி வராமல் இருந்திருக்கலாம். இங்கே அது இல்லை என்று கண்ணால் பார்த்தேன், ஆனால் வந்தவை எல்லாம் ஒரே செடியின் பூக்களுக்குள்ளேயே சுற்றியிருந்தால்? இந்த டெய்சிகளில் பல, தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, பக்கத்துச் செடியிலிருந்து வர வேண்டும். சூல் பிடித்த பிறகு மண் காய்ந்து, பருப்பு நிரம்பாமல் போயிருக்கலாம். தலைக்குள் ஈயின் புழு இருந்து தின்றிருக்கலாம், ஆனால் அதற்கு ஓட்டை இருக்கும், எச்சம் இருக்கும், நான் தேடினேன், காணோம். பிரித்துச் சொல்ல ஒரே வழி, கையால் மகரந்தம் தடவிப் பார்ப்பது. வேறு இடத்துச் செடியிலிருந்து நல்ல மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்து இந்தத் தலையில் வைத்தால் விதை நிரம்புகிறதா? நிரம்பினால் சூலில் குற்றம் இல்லை, வந்த மகரந்தத்தில் குறை. நிரம்பாவிட்டால் சூலையோ தண்ணீரையோ பார்க்க வேண்டும். அந்தத் திட்டில் அப்படிச் செய்யவில்லை, காலம் கடந்துவிட்டது.

செப்டம்பர் 4, மதியம் 1.10

அலுவலகச் சாப்பாட்டு இடைவேளையில். குளிரிலேயே பூத்து, குளிரிலேயே விதை வைக்கும் செடிகளைச் சொல்லாமல் போனால் தம்பியின் "குளிர் எதிரி" கட்சி வளர்ந்துவிடும். கற்றாழையைப் பாருங்கள். இந்த நாட்டின் பெரிய கற்றாழைகள் பலவும் ஜூன், ஜூலையில், வறண்ட குளிரில் சிவப்பும் ஆரஞ்சுமாகப் பூக்கும். யார் வருகிறார்கள்? பறவைகள். தேன்சிட்டு வெதுவெதுப்பான உடம்போடு பிறந்தது, 8 டிகிரி என்றாலும் பசி பசிதானே. சில கற்றாழைகளின் தேன் தண்ணீர் மாதிரி நீர்த்திருக்கும், சிட்டு அல்லாத பொதுப் பறவைகளும் குடித்துவிட்டு முகமெல்லாம் மகரந்தமாகப் போகும். பூச்சி தூங்கும் பருவத்தில் போட்டி இல்லாமல் பறவையைக் கூப்பிடுகிற ஏற்பாடு. ஆக, குளிர் எதிரியா நண்பனா என்பது யாரை நம்பிப் பூக்கிறாய் என்பதைப் பொறுத்தது.

இரவிலும் ஒரு ஷிஃப்ட் உண்டு. கிளாடியோலஸ் டிரிஸ்டிஸ் என்ற வெளிர் மஞ்சள் பூ இருட்டியதும் மணக்கும், அந்துப்பூச்சிக்காக. பகலில் மோந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் 4, இரவு 9.30

ரைலண்ட்ஸ் கோவிலில் பார்த்த ஒரு அம்மா, டொங்காட்டில் பிறந்து வளர்ந்தவர், இந்த இழையைப் பேத்தி படித்துக் காட்டுவதாகச் சொன்னார். அவர் கேட்டது: "பூ தானே சூடு உண்டாக்கிக்கொள்ளுமா?"

உண்டாக்கும். தாமரையே அப்படித்தான். வெளியே 10 டிகிரி இருந்தாலும் பூவின் உள்ளே 30-லிருந்து 36 வரை பிடித்து வைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் தாவரவியல் பூங்காவில் ரோஜர் சீமோர், ஷுல்ட்ஸே மோட்டல் இருவரும் அளந்து 1996-ல் வெளியிட்டார்கள். உள்ளே ராத்தங்கும் வண்டுக்குக் கதகதப்பான அறை, அது தன் உடம்பைச் சூடேற்றச் சக்தியைச் செலவழிக்க வேண்டாம். சேனைக்கிழங்குப் பூவும் சூடாகும். அது யாருக்கும் கதகதப்புத் தரவா என்பது வேறு விஷயம், அழுகின வாடையை ஊரெல்லாம் பரப்ப அந்தச் சூடு உதவுகிறது. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தடவை பூத்தபோது எலி செத்துக் கிடக்கிறது என்று பரணையெல்லாம் இறக்கித் தேடினார்கள்.

டர்பனில் இதற்கு உறவுக்காரர் இருக்கிறார். தாவரவியல் பூங்காவில் நிற்கும் என்செஃபலார்டோஸ் வுடியி என்ற சைக்கட் மரம். சைக்கட் பூக்கும் தாவரமே இல்லையே என்று யாரும் வர வேண்டாம், தெரியும். பூ இல்லை, கூம்பு. ஆனால் அந்தக் குடும்பத்தில் கூம்புகள் சூடாகி மணம் வீசி மூக்குவண்டுகளைக் கூப்பிடுவது உண்டு. இந்த மரத்தை 1895-ல் ஜான் மெட்லி வுட் ஙொயே காட்டில் பார்த்தார். ஆண் மரம். அதன் கன்றுகள்தான் உலகம் முழுவதும் நிற்பவை, எல்லாமே ஆண். ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேலாகப் பெண் தேடும் மாப்பிள்ளை. டிரோன் விட்டுக்கூடத் தேடுகிறார்கள். எந்த வெப்பநிலையும் இவருக்கு உதவாது.

செப்டம்பர் 6, மாலை 4.45

தம்பியின் முதல் கேள்விக்கு, சூடாவது நல்லதா என்பதற்கு, இப்போது பதில் சொல்லலாம்.

சூடு கூடும்போது எல்லாரும் ஒரே வேகத்தில் முன்னால் நகர்வதில்லை, அதுதான் சிக்கல். ஜப்பானின் ஹொக்கைடோவில் காரிடாலிஸ் அம்பிகுவா என்ற சின்ன வசந்தகாலப் பூ. காகு குடோ என்பவர் பல வருஷம் பார்த்துவந்தார். பனி சீக்கிரம் உருகும் ஆண்டுகளில் பூ முந்திக்கொள்கிறது. ராணி பம்பிள்பீ மண்ணிலிருந்து வெளியே வர அவ்வளவு முந்துவதில்லை. பூ காத்திருந்து வாடுகிறது, விதை குறைகிறது. வெயில் யாரையும் கொல்லவில்லை, சந்திப்பு தவறிவிட்டது.

இந்த நாட்டில் அப்படி முந்திப் பூப்பதைப் பார்க்க ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா ஜக்கரண்டா போதும். காட்டு மரம் அல்ல, தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து தெருவில் நட்டது. 1920களிலிருந்து பத்திரிகைச் செய்திகளையும் படங்களையும் திரட்டிப் பார்த்ததில் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 2 நாள் வீதம் பூ முன்னால் வந்திருக்கிறது. ஜக்கரண்டா உதிரும்போது பரீட்சை என்று மாணவர்கள் சொல்லிவந்த கணக்கும் இடிக்கிறது.

நமக்வாலாண்டில் இன்னொன்றும் சேர்கிறது. அங்கே வருஷச் செடிகள் முளைப்பது இலையுதிர்கால, குளிர்கால மழையில், குளிர்ந்த மண்ணில். பூக்கத்தான் வெயில் வேண்டும். முளைக்கக் குளிரும் ஈரமும் வேண்டும், விதை நிரம்பவும் மண்ணில் ஈரம் மிஞ்சியிருக்க வேண்டும். செப்டம்பரில் வெயில் சீக்கிரம் ஏறிவிட்டால் பூக்காலம் சட்டென்று முடிந்துவிடும். பகல் 2 டிகிரி கூடினால் நாளைக்கு அரை மணி நேரம் கூடுதலாகப் பூ திறந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அதே 2 டிகிரி பருவத்தின் கடைசியில் சில நாள்களை வெட்டிவிட்டால் லாபம் எங்கே? என் கட்சி இது: நாளின் வெயிலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், எந்தக் கட்டத்தில் அந்த வெயில் விழுந்தது என்று பாருங்கள்.

செப்டம்பர் 6, இரவு 8.20

"விதை மண்ணில் விழுந்த பிறகு வெப்பத்துக்கு வேலை முடிந்ததா?" என்று ஒருவர். இல்லை. கேப் டவுன் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் எல்லாரும் படம் எடுக்கும் பின்குஷன் என்ற புதர்ச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதையை எறும்பு இழுத்துப் போய் மண்ணுக்குள் வைக்கும், மேலே ஒட்டியிருக்கும் சதையைத் தின்றுவிட்டு விதையை விட்டுவிடும். வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். புதர் மூடியிருக்கும்வரை அந்த மண்ணில் பகலும் இரவும் பெரிய வித்தியாசம் இல்லை. தீ வந்து புதர் எரிந்தால் வெறும் மண் பகலில் காயும், இரவில் குளிரும். பகல் 24, இரவு 9 டிகிரி என்ற அளவில் அந்த ஊசலாட்டம் வந்தால் விதைக்கு, மேலே இடம் காலி என்று தெரிந்துவிடும். முளைக்கும். தீயின் சூடு அதற்கு முக்கியம் இல்லை, தீக்குப் பிறகு வரும் இரவுக்குளிர்தான்.

ஆனால் எறும்பு மாறிவிட்டால்? அர்ஜென்டினா எறும்பு இங்கே வந்து உள்ளூர் எறும்பைத் துரத்தியிருக்கும் இடங்களில் விதை மேலேயே கிடக்கிறது, எலி தின்கிறது. 1984-ல் பாண்ட், ஸ்லிங்ஸ்பி இருவரும் மிமெட்டெஸ் செடியில் இதைக் காட்டினார்கள். தீக்குப் பிறகு கன்றுகள் குறைவு.

எறும்பு என்றதும் ரூய்போஸ், இங்கே தேநீராகப் போட்டுக் குடிக்கும் புதர்ச் செடி. 1930களில் கிளான்வில்லியம் பக்கம் அதைப் பயிராக்க முயன்றபோது விதை கிடைப்பது பெரும்பாடு. எறும்புப் புற்றைத் தோண்டினால் சேர்த்து வைத்திருக்கிறது என்று ஒரு பெண்மணி கண்டுபிடித்ததாக ஒரு கதை. இதை எழுதும்போது கையில் அந்தத் தேநீர்தான், பால் ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு. உள்ளூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

செப்டம்பர் 9, இரவு 9.00

சாட்ஸ்வொர்த்தில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஒரு டீச்சர் கேட்கிறார்: பிள்ளைகளை வைத்து இதைச் செய்து பார்க்க முடியுமா, போஸ்ட்பெர்க் வரை வர முடியாது.

வரவே வேண்டாம் டீச்சர். கஸானியா என்ற டெய்சி உங்கள் கடற்கரை மணல்மேட்டிலேயே இயற்கையாக வளர்கிறது, பள்ளித் தோட்டத்திலும் நட்டிருப்பார்கள். அதுவும் மேகத்தில் மூடும். மணல்மேட்டுச் செடியைத் தொடாதீர்கள், தோட்டத்துச் செடி போதும். ஒரு வெப்பமானியைப் பூ உயரத்தில், நிழலில் வைத்து, காலை 8 மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை எத்தனை தலை திறந்திருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். தேனீ வந்து உட்கார்ந்த நேரத்தைத் தனி வரியில் எழுதட்டும். பூ திறந்த வெப்பநிலையும் முதல் தேனீ வந்த வெப்பநிலையும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

விதைக்கு: மொட்டாக இருக்கும்போதே சில தலைகளுக்குக் கொசுவலைத் துணியில் சின்னப் பை தைத்துக் கட்டுங்கள். சிலவற்றை அப்படியே விடுங்கள். சிலவற்றுக்குப் பை கட்டி, தினமும் மத்தியானம் திறந்து, தூரத்துச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி மறுபடி கட்டுங்கள். வெவ்வேறு நர்சரியில் வாங்கிய செடியாக இருந்தால் நல்லது. ஒரே செடியைப் பிரித்து நட்டிருந்தால் எல்லாமே ஒரு செடிதான், தடவிப் பயன் இல்லை. முற்றியதும் நகத்தால் அழுத்தி நிறைந்தது, காலி என்று பிரிக்கட்டும், அதைப் பிள்ளைகள் ரசித்துச் செய்வார்கள். கட்டும் அன்றைக்கே காம்பில் வேறு வேறு நிற நூல் கட்டிவிடுங்கள், இரண்டாம் வாரத்தில் எது எந்தப் பை என்று யாருக்கும் நினைவிருக்காது. மழை பெய்தால் பையை உடனே உதறிக் காயவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே பூஞ்சை பிடித்து மொத்தக் கணக்கும் வீண்.